முதல் போக்கிமோன் போட்டி: திருமலையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சென்ற ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருகோணமலை டவுனில் டியூஷன் வகுப்பு நடக்கும் ஒரு மாடி அறையில் 16 பேர் கூடிப் போக்கிமோன் அட்டைப் போட்டி ஒன்று வைத்தோம். நாங்களாக நடத்தியதுதான், பெரிய பரிசு எதுவும் இல்லை. ஆனால் டெக் (ஆளாளுக்குக் கட்டிக் கொண்டு வரும் அட்டைக்கட்டு) பட்டியல், நேரக் கணக்கு, நடுவர் எல்லாம் அதிகாரபூர்வ விதிப்படி. எனக்கு அது முதல் போட்டி. நாலு சுற்றில் இரண்டு தோல்வி, ஒரு சமநிலை, ஒரு வெற்றி. பதினோராம் இடம்.

இன்னொரு போட்டி வைக்கப்போகிறோம் என்று கதை பரவியதும் புதிதாக வர நினைக்கிறவர்களும், பிள்ளைகளை அனுப்பலாமா என்று யோசிக்கிற தாய் தகப்பன்மாரும் என்னைப் பிடித்துக் கேட்கிறார்கள். வென்றவரைக் கேட்காமல் என்னை ஏன் கேட்கிறீர்கள் என்றேன். "நீங்கள்தானே எல்லாப் பிழையும் விட்டீர்கள்" என்றார் ஒருவர். அதுவும் சரிதான்.

இது என்ன, காசு வைத்து ஆடும் சீட்டாட்டமா?

இல்லை. அம்மாமார் முதலில் கேட்கும் கேள்வி இதுதான், அதனால் இதையே முதலில் வைத்தேன். இரண்டு பேர் எதிரெதிரே இருந்து, தாங்களே தேர்ந்து கட்டிய 60 அட்டைகளைக் கொண்டு ஆடும் விளையாட்டு. இந்த வகை விளையாட்டைத் தொடக்கிவைத்தது 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய 'மாஜிக்'. போக்கிமோன் அட்டைகள் 1996இல் ஜப்பானில் வந்தன.

ஆட்டத்தின் எலும்புக்கூடு இவ்வளவுதான்: கையில் 7 அட்டை. ஒதுக்கில் முகம் குப்புற 6 பரிசு அட்டை. எதிராளியின் போக்கிமோனை வீழ்த்தும்போதெல்லாம் உங்கள் பரிசு அட்டைகளில் ஒன்றை எடுக்கிறீர்கள். பெரிய 'இஎக்ஸ்' வகையை வீழ்த்தினால் இரண்டு. ஆறையும் முதலில் எடுத்தவர் வென்றார். எதிராளியிடம் மேசையில் ஒரு போக்கிமோனும் மிஞ்சவில்லை என்றாலோ, தன் முறை தொடங்கும்போது இழுக்க அவரிடம் அட்டையே இல்லை என்றாலோ அப்போதும் வெற்றி உங்களுக்கு.

304 நன்றாக ஆடுவேன். இது வருமா?

பாதி வரும்.

எங்கள் அப்பா விறாந்தையில் 304 ஆடும்போது வாயில் வெற்றிலை, கையில் தாள், கண் மட்டும் விழுந்த தாள்களில் இருக்கும். எத்தனை துரும்பு போனது, ஜாக் யாரிடம் நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒரு இனத்துக்கு 76 புள்ளி, நாலு இனத்துக்கு 304, அந்தக் கணக்கு அவருக்கு மூச்சு மாதிரி. காணாத தாளைக் கண்டதைக் கொண்டு கணிக்கும் அந்தப் புத்தி இங்கே அப்படியே உதவும்.

வராத பாதி இதுதான்: 304இல் எல்லோருக்கும் ஒரே 32 தாள். இங்கே எதிராளி என்ன 60 கொண்டு வந்திருக்கிறான் என்பதே முதலில் தெரியாது. கூட்டாளி இல்லாததால் பழியைப் பங்கு போட்டுக்கொள்ளவும் ஆள் இல்லை. நான் இரண்டாவதைத்தான் கூடுதலாக உணர்ந்தேன்.

முதல் போட்டிக்கு எந்த டெக் கொண்டு போவது?

எது பலமானது என்று கேட்காதீர்கள். எதை அதிகம் ஆடியிருக்கிறீர்களோ அதைக் கொண்டு போங்கள்.

நான் கொண்டு போனது சாரிசார்ட் இஎக்ஸ். 330 உயிர்ப்புள்ளி. தாக்கினால் 180 சேதம், அதோடு எதிராளி எடுத்த ஒவ்வொரு பரிசு அட்டைக்கும் இன்னும் 30. அதாவது தோற்றுக்கொண்டிருக்கும்போதுதான் அதன் பலம் ஏறும். என் சுபாவத்துக்குப் பொருத்தமான மிருகம். நாலு மாதம் அதைத்தான் ஆடினேன், கண்ணை மூடிக்கொண்டு ஆடுவேன்.

பிறகு சனிக்கிழமை இரவு யூடியூபில் யாரோ சொன்னதைக் கேட்டு ஆறு அட்டைகளை மாற்றினேன். பதினொரு மணிக்கு. மனைவி "நாளைக்குப் பரீட்சையோ?" என்று கேட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். அந்த ஆறில் நாலு அட்டை ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கையில் செத்த பாரமாகக் கிடந்தன. எப்போது இறக்குவது என்பது எனக்குப் பழகியிருக்கவில்லை. நல்ல அட்டைகள்தான், ஆனால் அவை என்னுடைய அட்டைகள் இல்லை.

இன்னொன்று. 'ஸ்டாண்டர்ட்' முறையில் ஆடுவதென்றால் அட்டையின் அடியில் உள்ள சின்ன எழுத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பழைய எழுத்துகளை வெளியேற்றுவார்கள். பெட்டிக்குள் பத்திரமாக வைத்த அருமையான அட்டை போட்டியில் செல்லாமல் போகலாம்.

ஒரு டெக்கில் அடிப்படைப் போக்கிமோன் எத்தனை இருக்க வேண்டும்?

ஆட்டத்தைத் தொடங்கக் கையில் அடிப்படைப் போக்கிமோன் (வேறொன்றிலிருந்து வளராமல் நேரே இறக்கக்கூடியது) ஒன்றாவது வேண்டும். இல்லையென்றால் கையைக் காட்டி, கலைத்து, மறுபடி ஏழு எடுக்க வேண்டும். இதை மல்லிகன் என்கிறோம். ஒவ்வொரு மல்லிகனுக்கும் எதிராளி விரும்பினால் ஓர் அட்டை கூடுதலாக இழுக்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60இல் 8 அடிப்படைகள் மட்டும் இருந்தால், முதல் ஏழில் ஒன்றும் வராமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 35 சதவீதம். மூன்று ஆட்டத்தில் ஒன்று! பன்னிரண்டாக்கினால் 19 சதவீதத்துக்கு இறங்கும். நாலு பிரதி வைத்த ஓர் அட்டை முதல் கையிலேயே வரும் வாய்ப்பு 40 சதவீதம். "நாலு வைத்தேன், ஒன்றும் வரவில்லை, எனக்கு ராசியில்லை" என்று நாலாம் சுற்றில் ஒரு தம்பி புலம்பினார். ராசி இல்லை தம்பி, பத்துக்கு ஆறு தடவை அப்படித்தான் நடக்கும். ஆனால் அவர் மூன்று முறை அடுத்தடுத்து மல்லிகன் போட்டார், நான் மூன்று அட்டை கூடுதலாக இழுத்தேன், வென்றேன். என் ஒரே வெற்றி அது. பெருமைப்பட ஒன்றும் இல்லை.

டெக் பட்டியல் என்று ஒன்று கேட்கிறார்களாமே?

60 அட்டைகளின் பெயரும் எண்ணிக்கையும் எழுதி, போட்டி தொடங்குமுன் கொடுக்க வேண்டும். இடையில் யாரும் அட்டை மாற்றாமல் இருக்கத்தான் இது. அடிப்படை எனர்ஜி (தாக்குவதற்குப் போக்கிமோனில் பொருத்தும் அட்டை) தவிர ஒரே பெயருள்ள அட்டை நாலுக்கு மேல் கூடாது.

என் கதையைக் கேளுங்கள். சனி இரவு ஆறு அட்டை மாற்றினேன் என்றேனே. பட்டியலில் ஆறை வெட்டினேன், ஐந்தை எழுதினேன். பெட்டிக்குள் 60 இருந்தது, காகிதத்தில் 59. முதல் சுற்றில் எதிராளியோடு கைகுலுக்கி, டெக்கைக் கலைத்து நீட்டிய நேரத்தில் நடுவர் வந்து தோளைத் தொட்டார். பட்டியலை என் முன்னால் வைத்து, பேனாவால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக் கூட்டினார். நானும் கூடவே மனதுக்குள் கூட்டினேன். ஐம்பத்தொன்பது. அவர் இன்னொரு முறை கூட்டினார், என் மேல் இரக்கப்பட்டு என்று நினைக்கிறேன். ஐம்பத்தொன்பதுதான். ஒரு சுற்று என்பது மூன்று ஆட்டத்தில் இரண்டை வெல்வது; அதில் முதல் ஆட்டம் எனக்குத் தோல்வி என்று எழுதப்பட்டது. ஓர் அட்டை கூட இழுக்கவில்லை.

ஆகவே: பட்டியலை முதல் நாள் மாலையே எழுதுங்கள். பிறகு டெக்கைக் கையில் எடுத்து, பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக மேசையில் அடுக்குங்கள். இதை உங்களைத் தவிர வேறு யாராவது செய்தால் இன்னும் நல்லது. எழுதினவன் கண்ணுக்கு எழுதினவன் பிழை தெரியாது.

கைபேசியில் ஆடிப் பழகினால் போதாதா?

'போக்கிமோன் டிசிஜி லைவ்' 2023 முதல் இருக்கிறது, இலவசம். இங்கே அடுத்த ஆட்டக்காரரைத் தேடிப் பஸ் ஏற வேண்டிய நிலையில் அது பெரிய வரம். டெக்கின் போக்கைப் பிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் அது உங்களைக் கெடுக்கவும் செய்யும். பரிசு அட்டையை அதுவே அடுக்கும், அதுவே கலைக்கும், சேதத்தை அதுவே கூட்டும், செய்யக்கூடாததைச் செய்யவே விடாது. மேசைக்கு வந்ததும் இதெல்லாம் உங்கள் தலையில். முதல் சுற்றில் இரண்டு பேர் பரிசு அட்டை வைக்காமலே ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். முதலில் ஆடுபவர் தன் முதல் முறையில் தாக்கவும் கூடாது, 'சப்போட்டர்' என்ற உதவி அட்டை இறக்கவும் கூடாது. இந்த விதியை வாயால் கேட்டால் எல்லோருக்கும் தெரியும், ஆனால் கை சும்மா இருப்பதில்லை. போட்டிக்கு முந்திய இரண்டு வாரமாவது நிஜ அட்டையோடு, நிஜ ஆளோடு ஆடுங்கள்.

பரிசு அட்டையை எண்ணுவது என்றால் என்ன? ஏன் எல்லோரும் அதையே சொல்கிறார்கள்?

இதற்கு நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன், ஏனென்றால் முதல் சுற்றின் இரண்டாவது ஆட்டத்தை இதில்தான் விட்டேன்.

உங்கள் 60இல் ஆறு, பரிசாகக் குப்புறக் கிடக்கிறது. அது எந்த ஆறு என்று உங்களுக்கே தெரியாது. ஒரே பிரதி வைத்திருக்கும் அட்டை அந்த ஆறுக்குள் மாட்டும் வாய்ப்பு 60க்கு 6, அதாவது பத்துக்கு ஒன்று. சின்ன எண் மாதிரித் தெரிகிறது. ஒரு நாளில் எட்டுப் பத்து ஆட்டம் ஆடுகிறவனுக்கு அது நடந்தே தீரும் எண்.

என்னிடம் 'பிரைம் கேச்சர்' ஒன்றே ஒன்று. அந்த வகை அட்டை டெக்குக்கு ஒன்றுதான் வைக்கலாம். எதிராளி பின்வரிசையில் ஒளித்து வைத்திருக்கும் போக்கிமோனை முன்னால் இழுத்து வரும் அட்டை அது. அதே வேலையைச் செய்யும் 'போசஸ் ஓடர்ஸ்' கையில் இருந்தது. ஆனால் மூன்றாம் முறையில் 'அல்ட்ரா போல்' இறக்க இரண்டு அட்டை கழிக்க வேண்டியிருந்ததால், கேச்சர் இருக்கிறதே என்று ஓடர்ஸைத் தூக்கிக் கழிவுக் குவியலில் போட்டேன்.

ஐந்து முறை கழித்து எல்லாம் கூடி வந்தது. எனக்கு வேண்டியது இன்னும் இரண்டு பரிசு. எதிராளியின் பின்வரிசையில் அடிபட்ட ஓர் இஎக்ஸ் நிற்கிறது. என் பிஜியட் இஎக்ஸ் டெக்கில் எந்த அட்டையையும் தேடி எடுக்க விடும். டெக்கைக் கையில் எடுத்து விரித்தேன். ஒரு முறை பார்த்தேன். இரண்டாம் முறை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதிராளி சோடாவை ஒரு மிடறு குடித்தார். மூன்றாம் முறை பார்த்தபோது காது சுட்டது. கேச்சர் டெக்கில் இல்லை, பரிசில் கிடக்கிறது. அடுத்த முறையில் அவர் முடித்துவிட்டார்.

ஆட்டத்தில் முதன்முறை டெக்கைத் தேடும் சந்தர்ப்பம் வரும்போதே (பெரும்பாலும் முதல் முறையிலேயே வரும்) முழு டெக்கையும் பார்த்து, என்னென்ன குறைகிறது என்று கணக்கெடுத்திருந்தால் ஓடர்ஸைக் கழித்திருக்க மாட்டேன். எல்லாவற்றையும் எண்ண வேண்டியதில்லை. ஒன்று, இரண்டு பிரதி உள்ளவற்றை மட்டும் பாருங்கள். வீட்டில் இப்படிப் பழகலாம்: டெக்கைக் கலைத்து ஆறை ஒதுக்கி, மீதியை ஒரு நிமிடம் பார்த்து, ஒதுக்கிய ஆறில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். தொடக்கத்தில் எனக்கு இரண்டு சரிவரும். இப்போது நாலு. அப்பா இருந்திருந்தால் ஆறும் சொல்லியிருப்பார்.

திருமலை வெக்கையில் அட்டைகள் வளைகின்றன. என்ன செய்வது?

கடற்கரை ஊரில் இது தலையாய பிரச்சினை. மினுங்கும் அட்டையில் ஒரு பக்கம் மெல்லிய உலோகப் படலம், மறுபக்கம் காகிதம். காகிதம் ஈரத்தைக் குடித்து விரியும், படலம் விரியாது. அட்டை படகுபோல வளையும். மாரி மழை நாட்களில் இன்னும் மோசம்.

அழகு கெடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் டெக்கில் மினுங்குவது சாரிசார்ட் மூன்று மட்டும்தான் என்று வையுங்கள். அந்த மூன்றும் வளைந்திருந்தால், அடுக்கின் ஓரத்தைப் பார்த்தாலே அவை எங்கே இருக்கின்றன என்று தெரியும். அது அடையாளமிட்ட அட்டை, நீங்கள் வேண்டுமென்று செய்யாவிட்டாலும் தண்டனை உண்டு. எல்லாம் ஒரே நிற, பின்பக்கம் தெரியாத ஸ்லீவில் (அட்டை உறையில்) போடுங்கள். பெட்டிக்குள் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பக்கெட் இரண்டைப் போட்டு வையுங்கள். முடிந்தால் அதே அட்டையின் மினுங்காத பிரதியை வாங்குங்கள். அது விலையும் குறைவு. உபரி ஸ்லீவ் பத்தாவது கையில் வேண்டும், கலைக்கக் கலைக்க ஒன்றிரண்டு கிழியும்.

எங்கள் மாடி அறையில் யன்னலைத் திறந்தால் கச்சான் காற்றில் பட்டியல் காகிதங்கள் பறந்தன. மூடினால் வெந்தோம். கடைசியில் ஆளுக்கொரு கல்லைப் பொறுக்கி வந்து பாரம் வைத்தோம்.

ஒரு சுற்றில் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதானா?

இல்லை. சுவிஸ் முறை, சதுரங்கப் போட்டிகளில் இருப்பதுதான். 1895இல் சூரிச்சில் நடந்த சதுரங்கப் போட்டியில் தொடங்கியதால் அந்தப் பெயர். யாரும் வெளியேறுவதில்லை. வென்றவரோடு வென்றவர், தோற்றவரோடு தோற்றவர் என்று ஒவ்வொரு சுற்றிலும் சேர்த்துவிடுவார்கள். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1.

16 பேர், நாலு சுற்று, சமநிலை எதுவும் இல்லை என்றால் முடிவில் ஒருவர் நாலும் வெல்வார், நாலு பேர் மூன்று, ஆறு பேர் இரண்டு, நாலு பேர் ஒன்று, ஒருவர் பூச்சியம். ஆக, நீங்கள் சராசரி ஆட்டக்காரராக இருந்தால் இரண்டு தோல்வி கணக்கிலேயே இருக்கிறது.

ஒரு சுற்றுக்கு 50 நிமிடம் போதாதா?

மூன்று ஆட்டத்தில் இரண்டை வெல்ல வேண்டும், அதற்கு 50 நிமிடம். போதும், உங்களைப் போல் யோசிக்கிறவர் எதிரே இல்லாவிட்டால். நேரம் முடிந்ததும் நடக்கும் முறையை முடித்து, அதற்குப் பின் மூன்று முறை. அதற்குள் முடியாவிட்டால் உள்ள கணக்குத்தான். ஒன்றுக்கு ஒன்று என்று நின்றால் சமநிலை.

மூன்றாம் சுற்றில் எனக்கு அதுதான் நடந்தது. முதல் ஆட்டம் பதினைந்தாவது நிமிடமே என் கையை விட்டுப் போய்விட்டது. எனக்குத் தெரியும், எதிராளிக்கும் தெரியும். ஆனாலும் ஏதாவது வரும், ஏதாவது வரும் என்று 34 நிமிடம் இழுத்தேன். இரண்டாவதைப் பதினாலு நிமிடத்தில் வென்றேன். மூன்றாவதற்கு மிஞ்சியது இரண்டு நிமிடம். சாரிசார்ட் முட்டைக்குள் இருந்து தலை நீட்டக்கூட அது காணாது. அந்தச் சுற்றின் சமநிலை நான் முதல் ஆட்டத்தை விட்டுக்கொடுக்காததால் வாங்கியது.

தோற்ற ஆட்டம் என்று தெரிந்தால் "இது உங்களுக்கு, அடுத்ததுக்குப் போவம்" என்று அட்டையைச் சேருங்கள். கரம் ஆடுகிறவர்களுக்கு இது புரியக் கஷ்டம். அங்கே கடைசிக் காய்வரை நம்பிக்கை உண்டு. இங்கே கடிகாரமும் ஓர் ஆட்டக்காரன். அதற்காக வென்றுகொண்டிருக்கும்போது வேண்டுமென்றே மெதுவாக ஆடாதீர்கள். அது ஏமாற்று, நடுவர் கண்டால் தண்டனை.

எனக்கு இங்கிலிஷ் ஓடாது. தமிழ் மட்டும் வைத்துச் சமாளிக்கலாமா?

தமிழில் அச்சான அட்டைகள் இல்லை. ஆனால் அட்டையில் திரும்பத் திரும்ப வருவது முப்பது நாற்பது சொற்கள்தான். இழு, கலை, கழி, தேடு, சேர், மாற்று. பிள்ளைகள் ஒரு மாதத்தில் பிடித்துவிடுவார்கள். பெரியவர்கள்தான் 'மூன்று வரை' என்பதற்கும் 'மூன்று' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் சறுக்குவோம். 'வரை' என்றிருந்தால் குறைத்தும் எடுக்கலாம்.

பேச்சில்தான் வேறு வில்லங்கம். மூன்றாம் சுற்றில் எதிரே இருந்தவர் சிங்களம் மட்டும் பேசும் ஒரு தம்பி. எனக்கு யோசிக்கும்போது "சரி... சரி..." என்று முணுமுணுக்கும் பழக்கம். சிங்களத்தில் 'ஹரி' என்றாலும் அதே பொருள்தான், ஓசையும் ஏறக்குறைய அதே. நான் எனர்ஜி எதில் பொருத்துவது என்று யோசித்து "சரி" என்றேன். அவர் என் முறை முடிந்தது என்று எடுத்துக்கொண்டு தன் அட்டையை இழுத்துவிட்டார். இழுத்த அட்டை கையில் கலந்துபோனது. இரண்டு பேருமே நல்லவர்கள், இரண்டு பேருக்கும் முகம் கறுத்தது. நடுவர் வந்து, சிங்களத்திலும் தமிழிலும் கேட்டு, தீர்த்துவைத்தார். அதற்குப் பிறகு முறை முடிந்தால் இரண்டு பேரும் "பாஸ்" என்று சொல்லி மேசையை ஒரு தட்டுத் தட்டினோம். கடைசியில் அவர்தான் எனக்குப் பிளேன்டி வாங்கித் தந்தார்.

தெரியாமல் வைத்ததைத் திருப்பி எடுக்கலாமா?

இரண்டாம் சுற்றில் எனக்குச் சோடியாக விழுந்தது என் அக்காவின் மகன். பன்னிரண்டு வயது. பெரிய போட்டிகளில் பிறந்த ஆண்டுப்படி ஜூனியர், சீனியர், மாஸ்டர்ஸ் என்று பிரிப்பார்கள். 16 பேரில் பிரிக்க என்ன இருக்கிறது, எல்லோரும் ஒன்றாகத்தான். இந்த விளையாட்டை எனக்குக் காட்டித் தந்ததே அவன்தான். வீட்டில் நான் பத்து தடவை திருப்பி எடுப்பேன், அவனும் விடுவான்.

ஒரு முறைக்கு ஒரு எனர்ஜிதான் பொருத்தலாம். அன்றைக்கு அதைச் சாரிசார்டின் குட்டியான சார்மண்டரில் பொருத்தப் போய்ப் பக்கத்தில் இருந்த பிஜியில் வைத்து விரலை எடுத்துவிட்டேன்.

"டேய், கை மாறிப்போச்சு. எடுத்து இதில வைக்கட்டா?"

அவன் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மாமா, வைச்சா வைச்சதுதான். வேணுமெண்டா நடுவரைக் கேளுங்கோ."

கேட்கவில்லை. அவன் சொன்னது சரி. 304இல் இறக்கின தாளைத் திருப்பி எடுக்க அப்பா விட்டிருப்பாரா? இரண்டு ஆட்டமும் தோற்றேன். அக்கா இரவு போனில் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது.

எனவே, அட்டையை வைக்குமுன் வாயால் சொல்லுங்கள்: "சார்மண்டருக்கு எனர்ஜி." சொன்ன பிறகு கை தானாகச் சரியான இடத்துக்குப் போகும்.

நடுவரைக் கூப்பிட்டால் எதிராளி கோபிக்க மாட்டாரா?

மாட்டார். எங்களுக்குத்தான் ஏதோ பொலிஸைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு கூச்சம். கையை உயர்த்துங்கள், அவ்வளவுதான்.

சாப்பாடு?

நாலு சுற்று என்றால் ஆட்டம் மட்டும் 200 நிமிடம். இடைவெளி, சோடி போடுவது எல்லாம் சேர்ந்து ஒன்பதரைக்குத் தொடங்கினால் மூன்று மூன்றரை ஆகும். தண்ணீர் போத்தல் கட்டாயம். சோற்றுப் பார்சல் சாப்பிட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு மேசைக்கு வாருங்கள். மதிய இடைவேளையில் இறால் வடை வாங்கி வந்த ஒருவரின் ஸ்லீவுகள் மூன்றாம் சுற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. இன்னொருவர் அட்டைப் பையைக் கீழே மதிலோரம் வைத்துவிட்டு போன் பேசப் போனார். டவுனில் திரியும் மான் ஒன்று வந்து பைக்குள் தலையைவிட்டுப் பனிஸைக் கடதாசியோடு இழுத்துக்கொண்டு போனது. டெக் தப்பியது. சிரிக்காதீர்கள், திருமலையில் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பொம்மைக் கடையில் பொன் நிற அட்டைகள் விற்கிறார்களே, அவற்றைப் பாவிக்கலாமா?

கூடாது. அவை போலி. போட்டியில் செல்லும் போக்கிமோன் அட்டை காகிதம். பிளாஸ்டிக்கில் முழுவதும் பொன்னாக மினுங்குவது பிள்ளை விளையாட்டுக்குத்தான். காகிதப் போலிகளும் உண்டு: பின்பக்க நீலம் வெளிறியிருக்கும், எழுத்து தடித்தோ மெலிந்தோ இருக்கும், ஒரு உண்மை அட்டையோடு சேர்த்துப் பிடித்தால் தெரிந்துவிடும். திருவிழாக் கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பாதீர்கள். அங்கே வைத்துச் செல்லாது என்று சொன்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியாது.

போட்டோகொப்பி எடுத்து ஒட்டியதும் செல்லாது. வீட்டில் பழகுவதற்கு அதுவே நல்லது, நானும் அப்படித்தான் பழகினேன்.

என் மகள் தோற்றால் அழுவாள். அனுப்பலாமா?

அனுப்புங்கள். அன்றைக்கு ஒரு பிள்ளை அழுதாள், இரண்டாம் சுற்றுக்குப் பிறகு. தகப்பன் "வா, போவம்" என்று பையைத் தூக்கினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு "இன்னும் ரெண்டு ரவுண்ட் இருக்கப்பா" என்றாள். அழுகை பிரச்சினை இல்லை. அப்பா அம்மா பின்னால் நின்று "அதை இறக்கு, இதை இறக்கு" என்பதுதான் பிரச்சினை. அது விதிமீறலும்கூட. கொண்டுவந்து விட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய் நில்லுங்கள்.

அடுத்த போட்டிக்கும் அதே டெக்கா?

சொல்ல மாட்டேன். மருமகனும் இதை வாசிப்பான்.